ஐந்தாம் எண் இல்லாத போன்

எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பது வழக்கம். படகு திரும்பி வரும்போது போன் எந்த இடத்தில் முதலில் டவரைப் பிடிக்கிறதோ, அங்கே ஒரு தடவை அடிக்கவிட்டு நிறுத்திவிடுவார்கள். நல்லபடியாக இருக்கிறோம், திரும்பிவிட்டோம், உலை வை என்று அர்த்தம். இப்போதெல்லாம் பேசுவதற்குத் தனியாகக் காசு கிடையாது, நாள் முழுக்கப் பேசலாம். இருந்தும் யாரும் பேசுவதில்லை. ஈரக்கையோடு, இன்ஜின் சத்தத்தில் என்னத்தைப் பேசுவது? நாங்களும் எடுப்பதில்லை. எடுத்தால், வீட்டில் ஏதோ கெட்ட சேதி, அதைச் சொல்லத்தான் எடுத்திருக்கிறாள் என்று படகில் இருப்பவர் பதறிப்போவார்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே ஃபைபர் படகில் போகிறவர்கள். அண்ணனுக்குப் போன் ராசி இல்லை. வாங்கிய இரண்டையும் தண்ணீரில் விட்டுவிட்டு, இனிமேல் வேண்டாம் என்று கைகழுவிவிட்டார். ஆகவே இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் படகில் போவது என் கணவரின் போன் ஒன்றுதான். அது எனக்கு அடித்தால் நான் அரிசி களைவேன். எதிர்வீட்டில் இருக்கும் அவர் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்புவார். படகு கரைக்கு வரும்போது அக்கா அங்கே நின்றால்தான் மீன் நல்ல விலைக்குப் போகும்.

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, ஜப்பானில் ஏதோ துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது என்று ஒரு போன் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தான். பழையது என்று சொன்னால் ஒழியத் தெரியாது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். அந்த நாட்டில் ஒரு கம்பெனிக்காரன் விற்ற போனில் இன்னொரு கம்பெனியின் சிம் ஓடாமல் பூட்டு போட்டிருப்பார்களாம், இதில் அந்தப் பூட்டை எடுத்தாகிவிட்டது, உலகத்தில் எந்த சிம்மை வேண்டுமானாலும் போடலாம் என்றான். எங்கள் சிம்மைப் போட்டோம். வீட்டுக் கூடத்தில் டவர் நாலு கோடு காட்டியது.

அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. போட்டோ எடுத்தால் 'கிளிக்' என்று பெரிதாகச் சத்தம் போடும், என்ன செய்தாலும் அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் நான் எடுத்த ஒவ்வொரு போட்டோவுக்கும் சாமியார் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கூச்சமாக இல்லை. உண்மையைச் சொன்னால், எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் எடுத்தேன். அந்த வாரம் தெருவில் அந்தப் போனைத் தொட்டுப் பார்க்காதவர்கள் குறைவு.

அடுத்த வாரம், பழைய செல்போனுக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறவர் மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார். என் கணவரின் பழைய பட்டன் போன் உப்புப் பூத்து, எண்கள் அழிந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியபடி அலமாரியில் கிடந்தது. அவரைக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு ஒரு நீல நிற டப் வாங்கினேன். எனக்கு அது பெரிதாக இருந்ததால் அக்காவுக்குக் கொடுத்தேன். மீன் அள்ளத் தோதாக இருக்கிறது என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

ஜப்பான் போன் கடலுக்குப் போன நாளிலிருந்தே மிஸ்டு கால் தாமதமாகத்தான் வந்தது. முன்பெல்லாம் போன் அடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் படகு வரும். இப்போது போன் அடித்த கால் மணியில் ஆள் கரையில் நின்றார். சோறு ஆகியிருக்காது. அக்கா காசிமேட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் நல்ல வியாபாரிகள் போயிருப்பார்கள். என் கணவர் துறைமுகத்துக்குள் வந்து உட்கார்ந்து, கதை பேசிவிட்டு ஆற அமரப் போன் செய்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். விலை உயர்ந்த போன் கைக்கு வந்ததும் வீடியோ பார்க்கிறார் என்றும் சொன்னேன். தட்டை வைக்கும்போதெல்லாம் ஏதாவது குத்திக் காட்டினேன். அவர் பதில் சொல்லமாட்டார். சோறு வேகும்வரை வாசலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதில் சொல்லாதவர்மேல் எனக்கு இன்னும் கோபம் வரும், அது என் சுபாவம்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. விடியும்போதே கச்சான் எழுந்துவிட்டது. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று அது, திரும்பி வருகிற படகுக்கு எதிரி. எட்டரை மணிக்கெல்லாம் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போன் அடித்து நின்றது. சின்னத் தெரு, எல்லா வீட்டு மணியும் எல்லோருக்கும் கேட்கும். ஒன்பது மணிக்கு எங்களைத் தவிர எல்லா வீட்டிலும் உலை கொதித்தது.

பத்து மணிக்கு அக்கா நீல டப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். டப்பை மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் மேல் இருந்த என் போனையே பார்த்தார். நானும் தைப்பதுபோல ஒரு பிளவுஸ் கையை இரண்டுதரம் தைத்துப் பிரித்தேன். கரைக்கு வந்துவிட்ட படகுக்காரர்களிடம் கேட்டு வந்த ஒருவர், எங்கள் ஆட்களைக் கடைசியாகப் பார்த்தது வடக்கே, இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உதவி வேண்டுமா என்று கேட்டதற்கு, சரிசெய்துவிட்டோம், நீங்கள் போங்கள் என்றார்களாம்.

"அந்தப் பழய போன்னா இந்நேரம் அட்ச்சிருக்கும்" என்றார் அக்கா. என்னைக் குறைசொல்லும் குரல் இல்லை அது. பழைய போனை நான் என்ன செய்தேன் என்பது அக்காவுக்குத் தெரியும், அதற்குப் பதிலாக வந்தது அவர் மடியில்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. இருவரும் காசிமேட்டுக்கு நடந்தோம். டப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. அக்கா அதை இடுப்பில் இடுக்கியபடியே வந்தார். போனை நான் கையிலேயே பிடித்திருந்தேன். என் கணவரின் நம்பரைக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எண்ணவில்லை. அவர் செத்துப்போயிருப்பார் என்று ஒருதரம் முழுதாக நினைத்தேன். அதற்கப்புறம் அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய பிளவுஸ்களை நினைத்தேன். மனம் அப்படித்தான் ஓடியது, நான் ஒன்றும் செய்யவில்லை.

பன்னிரண்டரைக்கு, அலை தடுக்கக் கொட்டியிருக்கும் கற்களைச் சுற்றிக்கொண்டு எங்கள் படகு வந்தது. அக்காதான் முதலில் பார்த்தார். அவர் கணவர் முன்னால் நின்றிருந்தார், என் கணவர் பின்னால் இன்ஜினில். படகைக் கண்ணால் பார்த்த பிறகு, கையில் இருந்த போன் ஒருதரம் அடித்து நின்றது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டதாம். இரண்டு தடவை கழற்றி, துடைத்து, மாட்டி, எதிர்க்காற்றில் ஊர்ந்து வந்திருக்கிறார்கள். அக்கா மீனை டப்பில் அள்ள ஆரம்பித்தார். நான்தான் சத்தம் போட்டேன். ஒரு போன் செய்ய முடியாதா, எதற்கு அந்தக் கருமத்தைக் கையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அவருடைய அண்ணன்தான் திறந்தார்.

"அவன கேட்டு இன்னா பிரயோஜனம்மா? அந்தப் போன் கடல்ல வேலைக்காவாது. எண்ணூர் பவர் ஹவுஸ் சிம்னி கண்ணுக்குத் தெரியுது, போன்ல ஒரு கோடு இல்ல. மொத நாளே அவனுக்குத் தெரியும்."

மொத நாளே. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒந்தம்பி ஆசையா வாங்கியாந்தான்" என்றார். "நீயும் தெரு பூரா காட்டிக்கினு வந்துட்ட. நா இன்னாத்த சொல்றது?"

அந்த ஒன்றரை மாதம் தட்டை வைக்கும்போது நான் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக அவர்மேல்தான் கோபம் வந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் பழைய போன் அலமாரியில் இருந்திருக்கும். பழைய போனைக் கொடுக்குமுன் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் இருந்திருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் ராயபுரத்தில் ஒரு போன் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் புளியந்தோப்பிலிருந்து வருகிறவர், நரைத்த தலை. பொறுமையான ஆள். போனின் மாடல் எண்ணைத் தேடி எடுத்து, தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தார். பூட்டை எடுத்தது வாஸ்தவம்தான், எந்தக் கம்பெனி சிம்மையும் அது உள்ளே விடும் என்றார். ஆனால் எந்த அலைவரிசை அதற்குக் கேட்கும் என்பது உள்ளே இருக்கும் சாமானைப் பொறுத்தது. நம் கம்பெனி மூன்று விதமான அலைவரிசையில் டவரை ஓட்டுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. மூன்றாம் எண்ணும் நாற்பதாம் எண்ணும் கிட்டத்தில் இருப்பவர்களுக்கு. ஐந்தாம் எண்தான் சுவரைத் தாண்டும், தூரத்துக்குப் போகும், கடலுக்குள் வருவதும் அதுதான். இந்தப் போனில் மூன்று இருக்கிறது, ஐந்து இல்லை. ஜப்பானில் வேறு எண்களை வைத்து ஓட்டுகிறார்கள், அதற்கேற்பச் செய்தது இது.

"போன் மேல தப்பு இல்லம்மா" என்றார். "அது அந்த ஊரு கடலுக்கு செஞ்சது."

வேறு கம்பெனி சிம் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர்கள் தூரத்துக்கு அனுப்புவது எட்டாம் எண், அதுவும் இதில் இல்லை என்று பட்டியலைக் காட்டினார். என் கணவருக்குப் பட்டியலில் நம்பிக்கை இல்லை. கடலில் பார்த்தால்தான் தெரியும் என்றார். தெருவில் கேட்டு வேறு இரண்டு கம்பெனி சிம் வாங்கி, சிம்மை வெளியே தள்ள என் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியையும் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த நாட்களில் படகிலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எண்ணூர் சிம்னிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிகிற இடம், தனித்தனியாகத் தெரிகிற இடம் என்று குறி வைத்துக்கொண்டு, எது எங்கே பிடித்தது என்று வந்து சொல்வார். எல்லாமே கரையை ஒட்டித்தான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரின் சிம் ஊசியோடு கடலில் விழுந்தது. அவரை அழைத்துக்கொண்டு போய், கைரேகை வைத்து அதே நம்பரில் வேறு சிம் வாங்கிக் கொடுக்க எனக்கு அரைநாள் போனது. அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

அதே கடையில் ஒரு பட்டன் போன் வாங்கினோம். கடைக்காரர் அதன் பட்டியலையும் திறந்து, ஐந்தாம் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். ஜப்பான் போன் எனக்கு வந்தது. வீட்டுக்குள் அது நன்றாகத்தான் ஓடுகிறது. தம்பி கப்பலிலிருந்து கூப்பிட்டு, மாமாவுக்குப் போன் எப்படி என்று கேட்டான். அருமையாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரே அலட்டல் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் கணவர் ஒன்றரை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பட்டன் போன் முதன்முதலாகக் கடலுக்குப் போனது ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு யாரும் போகமாட்டார்கள். காலை எட்டு மணிக்கே அக்கா டப்போடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக அப்படி வருகிறவர் இல்லை. நானும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜப்பான் போனில் என் கணவரின் நம்பர் வந்தது. ஒரு மணியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நிற்குமுன் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இப்போதும் தெரியாது.

இன்ஜின் சத்தம் காதைக் கிழித்தது. காற்று, தண்ணீர் அடிக்கிற சத்தம், அதற்குள்ளிருந்து அவர் கத்தினார்.

"இன்னாமே? இன்னாச்சி? வூட்ல யாருக்கு இன்னாச்சி?"

அக்கா டப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல. சும்மா எடுத்தேன்."

அவர் போனை நிறுத்தவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அந்த ஒரு மணியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அதன் அந்தப் பக்கம் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று தெரியாது. இந்தச் சத்தத்தில்தான் அவர் தினமும் என்னை நினைத்துப் பொத்தானை அழுத்துகிறார் என்பதும் அப்போதுதான் தோன்றியது.

"ஒலய வையி" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார். சொன்னேன். அக்கா டப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் போய் அரிசி களைந்தேன்.