இதோ அக்கா கிளம்பிய மாலை

எங்கள் வீட்டில் என் அக்காவுக்கு "இதோ" என்று பெயர். வெளியே போவதற்காக எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "கிளம்பியாச்சா?" என்று கத்தினால், உள்ளேயிருந்து "இதோ!" என்று குரல் வரும். குரல்தான் வரும், ஆள் வரமாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட அவளை இதோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை அதுதான். கொடியில் கைக்கு எட்டியதை உருவி மாட்டிக்கொண்டு புறப்படுகிற ரகம் நான். அவளுக்காக வாசலில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னொரு படிப்பே படித்து முடித்திருப்பேன்.

அக்கா வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் சூடான உருளைகள், நடுவில் மடிப்பு மேஜை. எல்லோருக்கும் ஒரே உடுப்பு. முழங்காலுக்குக் கீழே தொங்கும் சாம்பல் நிறக் கோட்டு, ஒரு முடிகூடத் தெரியாமல் புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பி, பஞ்சுத் தூசிக்காக முகமூடி. யார் ஒல்லி, யார் குண்டு, யாருக்கு நரை என்று ஒன்றும் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி வரும்போது மட்டும் தள்ளுகிறவள், "வண்டி! ஒதுங்கு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவாள். அந்த வண்டி இடுப்பில் இடித்தால் எழுந்து நடமாட நாளாகும். அதனால் அந்தக் குரல் கேட்டதும் யோசிக்காமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஓரம் போய்விடுவார்கள். கூடத்திலேயே பெரிய குரல் என் அக்காவுடையது.

பகல் முழுக்க இப்படி மூட்டை மாதிரி கிடந்தவள், சாயங்காலம் வெளியே போகிறோம் என்றால் சும்மா கிளம்புவாளா? இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாள். அலமாரிக் கதவில் பதித்த கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு தொங்கட்டானைப் போட்டுப் பார்த்து, கழற்றி, வேறொன்றைப் போட்டு, மறுபடியும் முதலாவதையே போடுவாள். புடவை மடிப்பு ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து கட்டுவாள். மை தீட்டும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்வாள், அது ஏன் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் இருந்தது. படம் பார்க்கப் போவதற்குக்கூட பெட்டியின் அடியில் மடித்து வைத்த உடுப்பைத்தான் எடுத்தார்கள். ஆனால் அக்கா எல்லோருக்கும் ஒரு படி மேலே. "இருட்டுல உக்காந்து பாக்கிறதுக்கு எதுக்குடி இத்தன அலங்காரம்?" என்று அம்மா கேட்டால், "இடைவேளைல லைட்டு போடுவாங்கல்ல?" என்பாள்.

அவள் வெளியே வந்து நிற்கும்போது அழகாக இருப்பாள். அதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. முதுகு நிமிர்ந்து, கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு, தெருவே தன்னைப் பார்க்க வந்திருக்கிறது என்கிற மாதிரி நடப்பாள். பார்க்கவும் செய்தார்கள்.

அத்தானுக்கு, அதாவது அவள் கணவருக்கு, பேருந்துப் பணிமனையில் மின்சார வேலை. நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் பேச்சுக்குப் பயந்தவர். அக்காவுக்கு நாற்பது வயது ஆன சமயம், ஒரு சாயங்காலம் இருவரும் கடைத்தெருவுக்குப் போனபோது அவருடைய மேற்பார்வையாளர் எதிரே வந்திருக்கிறார். மறுநாள் பணிமனையில் ஒரே கேலி. "என்னப்பா, நேத்து யாரோ நடிகையோட போனியாமே? வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?" என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வாய் வராத மனிதர், வீட்டுக்கு வந்து அக்காவிடம் வாயைத் திறந்தார். நான் அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே வெளிய வரும்போது கொஞ்சம் அடக்கமா வா. பொண்ணு தோளுக்கு மேல வளந்துட்டா. இந்த வயசுல நீ இப்படி மினுக்கிக்கிட்டு கூட வந்தா, எனக்கில்ல வெக்கமா இருக்கு."

அக்கா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவளைப் போலச் சீக்கிரம் கிளம்புகிறவள் எங்கள் குடும்பத்தில் இல்லை. மங்கிய நிறத்தில் ஒரு புடவை, இழுத்துப் போட்ட கொண்டை, வெறும் காது. எல்லோருக்கும் முன்னால் வாசலில் நிற்பாள். "உங்க அக்கா திருந்திட்டா" என்று அத்தான் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னபோது, கையிலிருந்த காபியை அவர் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது எனக்கு. திருந்தவில்லை, அணைந்து போயிருந்தாள். எங்கே போனாலும் சுவரைப் பார்த்து உட்காருவாள். கொஞ்ச நாளில் தலைவலி என்றாள், முட்டி வலி என்றாள், கூடுதல் வேலை என்றாள். வெளியே வருவதையே விட்டுவிட்டாள். "இதோ" என்கிற பெயரும் வழக்கொழிந்து போயிற்று.

காலம் மாறிற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேடிக்கையாகத்தான் மாறியிருக்கிறது. இப்போது பெரிய ஓட்டலுக்கு அரைக்கால் சட்டையோடு வருகிறார்கள், தூங்கி எழுந்த பனியனோடு படம் பார்க்க வருகிறார்கள். இன்னொரு பக்கம், என் அக்காவின் பேத்தி முனைக்கடைக்குப் போகவே கண்ணுக்கு மேல் ஏதேதோ நிறம் பூசிக்கொண்டு போகிறாள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அக்காவின் மகள், பழசை மறந்துவிட்டு, "எங்கம்மாதான் அப்பவே மாடர்ன், அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவாங்க" என்று தோழிகளிடம் பெருமையடிக்கிறாள். அதைக் கேட்டு அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.

அத்தானும் மாறிவிட்டார். பணி ஓய்வு பெற்ற பிறகு மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த முக்கால் கால்சட்டையில்தான் எங்கும் போகிறார். "வாயேன், ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று தினமும் அக்காவைக் கூப்பிடுவார். "நீங்க போயிட்டு வாங்க" என்பாள். தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வருவார். ஏன் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பேசத்தான் வாய் வரவில்லை.

இந்த நிலையில்தான் அக்காவும் ஓய்வு பெற்றாள். சலவைக்கூடத்துப் பெண்கள் சேர்ந்து அவளுக்கு ஓர் ஓட்டலில் விருந்து வைப்பதாகச் சொன்னார்கள். வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. அக்கா மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நானும் அத்தானும் ஒரு வாரம் தொண்டை வற்றப் பேசி, "மூஞ்சியக் காட்டிட்டு வந்துடுவேன்" என்பது வரை கொண்டுவந்தோம்.

அன்று மாலை அவள் அதே மங்கல் புடவையில் வந்து நின்றாள். அத்தான் தயங்கித் தயங்கி, "இன்னிக்காவது கொஞ்சம் நல்லதா எடுத்துக் கட்டிக்கயேன்" என்றார். "இதுக்கென்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கிவிட்டாள்.

ஓட்டலில் வெளிச்சம் கம்மி. அப்படி வைத்தால்தான் உயர்ந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்கா வாசலில் நின்று ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். "யாரும் இன்னும் வரல" என்று சொல்லி, ஓரத்து மேஜையில் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். கூடத்தின் நடுவில் நீண்ட மேஜையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பெண்கள் கூட்டம். ஒருத்தி தலைமுடியைச் செம்பட்டையாக்கி விரித்து விட்டிருந்தாள், ஒருத்தி சிவப்புச் சாயம் பூசிய உதட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்காரங்க யாராவது வந்தாங்களா தம்பி?" என்று கேட்டார். அவன் நடு மேஜையைக் காட்டி, "அவங்க ஏதோ கல்யாண கோஷ்டி. ஆஸ்பத்திரிக்காரங்க யாரும் வரல சார்" என்றான்.

காத்திருந்தோம். அக்கா கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். சலவைக்கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் வந்த பழக்கம். நடு மேஜையில் சிரிப்பு அடங்கிப்போய், அவர்களும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன். யாரும் வரமாட்டாங்க. வாங்க போகலாம்" என்று அக்கா எழுந்து திரும்பினாள்.

அப்போது சமையலறையிலிருந்து தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று வேகமாக வந்தது. எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் அதைப் பார்க்காமல் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வண்டி! ஒதுங்கு!" என்று ஓட்டலே அதிரக் கத்தினாள்.

பெரியவர் பிழைத்தார். அதுவல்ல விஷயம். நடு மேஜையில் பளபளவென்று உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும், ஒருத்தி பாக்கியில்லாமல், சடாரென்று எழுந்து உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஓரம் ஒதுங்கினார்கள். ஒருத்தியின் நாற்காலி கவிழ்ந்தது.

அக்கா அவர்களைப் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் சிவப்பு உதட்டுக்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா! இவ்ளோ நேரமா இங்கயா இருந்தீங்க? உங்க முதுகப் பாத்துட்டு யாரோன்னு நெனச்சோமே!" என்றாள். அவள் உருளை இயந்திரத்துக்காரி. செம்பட்டை முடிக்காரி கிழிந்த கோட்டுகளைத் தைக்கிறவள். எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களை, தொப்பியும் கோட்டும் இல்லாமல் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இதெல்லாம் உங்களுக்காகத்தான்க்கா" என்றாள் தையல்காரி, தன் புடவையைக் காட்டி. "எங்க யாரையும் ஒருநாள்கூட நீங்க நல்ல கோலத்துல பாத்ததில்லையே. இன்னிக்காவது பாக்கட்டும்னு பேசி வச்சுக்கிட்டு வந்தோம்."

அக்கா ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். "நான் மட்டும் இப்படி வந்துட்டேனே" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். கணவன் சொன்ன அன்றைக்கு அழாதவள், இத்தனை வருஷம் கழித்து, நட்ட நடு ஓட்டலில் நின்று அழுதாள்.

அத்தான் பின்னாலிருந்து வந்தார். "அவ மேல தப்பில்லம்மா" என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். "ரொம்ப நல்லாத்தான் கிளம்புவா. நான்தான் ஒருநாள், நீ கூட வந்தா வெக்கமா இருக்குன்னு சொல்லிட்டேன். அதோட விட்டுட்டா."

அந்தப் பெண்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கறை போகாத விரிப்பைக்கூட அவர்கள் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன். நேரமாகும். நீங்க சாப்பிட ஆரம்பிங்க."

"நீங்க இல்லாம ஆரம்பிக்கிறதா? நல்லாருக்கே! மெதுவா போயிட்டு வாங்கக்கா" என்றாள் உருளைக்காரி.

நான் கூடவே போனேன். அலமாரியின் அடியிலிருந்து கருஞ்சிவப்புப் பட்டுப்புடவையை எடுத்தாள். மடிப்பு பதிந்த இடமெல்லாம் கோடு. ரவிக்கைக்குள் கையே போகவில்லை. பிளேடை எடுத்து உள்தையலைப் பிரித்துவிட்டு நான் இழுத்துப் பிடிக்க, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கொக்கியை மாட்டினாள். மை தீட்டப் போனவளுக்குப் பழக்கம் விட்டுப்போய், கோடு காதுவரை இழுத்துக்கொண்டு போயிற்று. துடைத்துவிட்டு மறுபடி தீட்டினாள், வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான். நடுவில் என் கைப்பேசியில் அத்தான் கூப்பிட்டார். "அவள அவசரப்படுத்தாத. இங்க சூப்பு மட்டும் சொல்லிருக்கோம்" என்றார். அக்கா தொங்கட்டானை மாட்டிக்கொண்டு கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, இந்த வயசுக்கு இது ஜாஸ்தியா தெரியுதா?"

"பத்தாது. இன்னும் கொஞ்சம் பவுடர் போடு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பிப் போனபோது ஓட்டலில் கூட்டம் நிறைந்திருந்தது. அக்கா வாசல்படியில் தயங்கி நின்று என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி ஓடிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் வாசலைப் பார்த்தார்கள், வேறு யாரோ என்று நினைத்து மறுபடி சூப்புப் பக்கம் திரும்பினார்கள். அத்தான் மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முக்கால் கால்சட்டையோடு, கணுக்கால் தெரிய, மேஜைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பேருந்துப் பணிமனைக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"எம் பொண்டாட்டி வந்துட்டா!"

பேசிக்கொண்டிருந்த அத்தனை மேஜையும் திரும்பிப் பார்த்தது. அக்காவின் பிடி என் கையிலிருந்து தளர்ந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றார் அத்தான்.