குவாதலூப்புக்குப் போட்ட போன்

என் வீட்டு மாடி அறைக்கு பிரான்சிலிருந்து ஒரு பெண்மணி வருகிறார் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. என்னோடு பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இப்போது பாரிசில் மகள் வீட்டில் இருக்கிறார். "நல்ல மனுஷி, ரெண்டு வாரம் வச்சிக்க" என்று அவர்தான் அனுப்பிவைத்தார். நானும் வெள்ளைக்காரி ஒருத்தியை எதிர்பார்த்து சாரம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். காரிலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் தெருவில் யாருடைய பெரியம்மா என்று சொன்னாலும் நம்பலாம். அதே கறுப்பு, அதே எண்ணெய் மினுங்கும் நெற்றி, பையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொள்கிற அதே விதம். வாயைத் திறந்தபோதுதான் பிரெஞ்சு வந்தது.

அவருடைய ஊர் குவாதலூப். அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற தீவு. இன்றைக்கும் அது பிரான்சைச் சேர்ந்ததுதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்பு வெட்டுவதற்கு ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்கள் அல்லவா, அப்படிப் போன யாரோ ஒருத்தியின் வம்சம். எத்தனை தலைமுறை ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. போன குடும்பத்திலிருந்து திரும்பி வந்து ஊரைப் பார்க்கிற முதல் ஆள் தான்தான் என்றார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

வந்த மறுநாளே போன் பிரச்சினை ஆரம்பித்தது. அவருடைய பெரிய போனை விற்ற கம்பெனி, வேறு சிம் எதையும் ஏற்காதபடி பூட்டித்தான் விற்றிருக்கிறது. வந்து சேர்ந்த செய்தியை எங்கள் வீட்டு வைஃபையில் அண்ணன் மகனுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் அம்மா தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அந்த வீட்டில் இருப்பது சுவரோரம் வைத்த பழைய போன் ஒன்றுதான். அதில் மகளின் குரல் கேட்டால்தான் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று அவருக்கு அர்த்தம். என் போனிலிருந்து முயன்று பார்த்தோம். வெளிநாட்டுக்குப் போகவில்லை.

"சாதாரண போன் ஒன்று போதும். பேச மட்டும் முடிந்தால் சரி" என்றார்.

கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒரு கட்டில் அளவு இடம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கவர்களும் சார்ஜர்களும் தொங்கும். நான் விஷயத்தைச் சொல்லுமுன்பே பாய் என்னோடு வந்தவரைப் பார்த்து, "ஆதார் எடுத்தாந்தீங்களாம்மா?" என்றார்.

"இவங்களுக்கு ஆதார் இல்ல பாய். வெளிநாட்டுக்காரங்க."

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "கிண்டல் பண்றீங்களா டீச்சர்?"

பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்ததும் பாய் அதிலிருந்த குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். ரெண்டாவது தடவை படித்தபோது குரல் இறங்கிவிட்டது. "நம்ம பேரு டீச்சர் இது. நடுவுல எங்கியோ ரெண்டு எழுத்து உழுந்து போயிருக்கு, அவ்ளோதான்." அதற்குப் பிறகு அவர் அந்தப் பெண்மணியை ஒரு வாடிக்கையாளர் மாதிரி நடத்தவில்லை. விசா நகலை அவரே ஓடிப்போய் எடுத்துவந்தார். உள்ளூர் முகவரி கேட்ட இடத்தில் என் வீட்டைக் கொடுத்தேன். கறுப்பு நிறத்தில் உள்ளங்கை அளவு பட்டன் போன் ஒன்றைத் துடைத்து, பாட்டரி போட்டு, சிம்மைச் செருகிக் கொடுத்தார். சிம்முக்கு உயிர் வர மறுநாள் ஆகும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் போனோம். திரையின் மூலையில் கோடுகள் ஏறியிருந்தன. வெளிநாட்டுக்குப் பேச வேண்டிய ரீசார்ஜையும் பாய் போட்டுவிட்டார். கடை வாசலில் வைத்திக்குப்பத்து அக்கா ஒருவர், மீன் விற்று முடித்த காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் போனுக்குப் புது பாட்டரி வாங்கக் காத்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

இங்கே பொழுது சாய்கிற நேரம், அங்கே காலை. அவர் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரைச்சல். அதற்கப்புறம் மணி அடிப்பது கேட்டது. பாய்தான் கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார், தெருச் சத்தத்தில் கேட்காது என்று.

"அலோ?"

அவ்வளவு சின்ன போனுக்குள்ளிருந்து அந்தக் கிழக்குரல் பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிடுகிற மாதிரித் தெளிவாக வந்தது. மகளும் தாயும் அவர்களுடைய தீவுப் பேச்சில் படபடவென்று பேசினார்கள். பாதிதான் எனக்குப் புரிந்தது. சாப்பிட்டாயா, வெயிலா, யார் வீட்டில் இருக்கிறாய். கடல் கடந்து இந்தக் கேள்விகள்தான் போய்வருகின்றன என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அம்மா ஏதோ சொன்னார். இவர் உடனே தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். போனிலிருந்து ஒரு நீட்டி இழுத்த ராகம் வந்தது.

"சுருக்காவந்துரு கண்ணூ, சோராறிப்பூடூம்."

வாசலில் நின்ற அக்கா சட்டென்று திரும்பினார். "யார்ம்மா அது, சோறு ஆறிப்பூடும்ன்றது? ஒங்க ஊட்டுலயா? போம்மா, போய் துன்னுட்டு வந்து பேசு."

பாய் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அதுவரை ஏதோ பிரெஞ்சு வழிபாடு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னபிறகுதான் என் காதுக்குள் அது தமிழாக உடைந்தது.

"உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?" என்று மகளிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

"அது எங்கள் ஜெபம். பிரயாணம் போகிறவர்களைக் காப்பாற்றுகிற மந்திரம். அர்த்தம் யாருக்கும் தெரியாது" என்றார் கண்ணைத் திறந்து. "நீங்கள் ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறீர்கள்?"

நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சீக்கிரம். வந்துவிடு. கண்ணே. சோறு. ஆறிப்போகும். அவர் அவற்றை விரலில் எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக உதட்டுக்குள் திருப்பிச் சொன்னார். "இதில் எது சோறு?" என்று கேட்டார். காட்டினேன். "கண் என்றால் இதுவா?" தன் கண்ணைத் தொட்டார். ஆமாம் என்றேன்.

"சாமி பெயர் எதுவும் இல்லையா?"

"இல்லை."

அவர் போனை வாயருகே கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது, சின்னப்பெண் சிரிப்பதுபோல. சிரிப்பு நின்றது. இணைப்புப் போய்விட்டதோ என்று பாய் எட்டிப் பார்த்தார். போகவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அம்மா மறுபடி பேசியபோது மெதுவாக, எனக்கும் புரிகிற பிரெஞ்சில் பேசினார்.

"இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் இதைத்தானே சொல்லி அனுப்புகிறோம். உன் அப்பாவுக்கும் இதைத்தானே சொன்னேன்."

அக்கா என் கையைச் சுரண்டினார். "இன்னா சொல்லுது அந்தம்மா?"

சொன்னேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்லட்டுமே. போறவங்கள வேற இன்னான்னு சொல்லி அனுப்புறது?" என்றவர், தயங்காமல் போனை நோக்கிக் குனிந்தார். "யம்மா, நல்லாருக்கியா? ஒம் பொண்ணு இங்க நல்லாருக்கு. நாங்க பாத்துக்கறோம், நீ கவலப்படாத!"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதுவும் அவர்களின் தீவுப் பேச்சுதான், ஒரு எழுத்துக்கூட அக்காவுக்குப் புரிந்திருக்காது. "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தன் பங்குக்கு இன்றைக்கு மத்தி நிறைய விழுந்ததைச் சொன்னார். அந்த அம்மாவும் "உய், உய்" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டார். ரெண்டு பேரும் முறை வைத்துப் பேசினார்கள், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருந்து. கடைக்கு வந்த வேறு ரெண்டு பேரும் எதற்கு என்று தெரியாமலே பேசாமல் நின்றார்கள். மகள் அந்தச் சின்னப் போனை, தீபத்தட்டு பிடிக்கிற மாதிரி ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. அழுகிறார் என்றும் சொல்ல முடியாது.

போன் தானாகக் கட் ஆயிற்று. காசு தீர்ந்துவிட்டது. பாய் "இருங்க, இருங்க" என்று தன் போனை எடுத்து மறுபடி ரீசார்ஜ் போடத் தொடங்கினார்.

அன்றைக்கு நாங்கள் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். வழி நெடுக நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னென்னவோ காணாமல் போயிருக்கிறது. கட்டியிருந்த சேலை, ஊர்ப் பெயர், உறவு முறை, பேசின மொழி முழுக்கவே போய்விட்டது. அத்தனையிலும் தப்பி இந்த ஒரு வாக்கியம் கரை சேர்ந்திருக்கிறது. யார் யாருக்குச் சொன்னது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கப்பல் ஏறியவள் துறைமுகத்தில் கேட்டதாக இருக்கலாம். அந்தத் தீவில் வயலுக்குப் போன புருஷனையோ பிள்ளையையோ பார்த்துத் தினமும் சொன்னதாகவும் இருக்கலாம். சொன்னவளுக்கு அது நிலைக்கும் என்று தோன்றியிருக்காது. அடுப்பில் சோறு கொதித்திருக்கும், அவ்வளவுதான் அவள் கவலை.

இருந்த ரெண்டு வாரமும் அவர் சாயங்காலமானால் கடற்கரைக்குப் போய் அம்மாவுக்குப் போன் போடுவார். தினம் ஒரு சொல் என்னிடம் கேட்டுக்கொண்டு போய் அம்மாவுக்குச் சொல்வார். தண்ணி, வெயிலு, மீனு. போனை நீட்டி அலைச் சத்தத்தையும் கேட்க வைப்பாராம். "எங்கள் வீட்டு வாசலிலும் இதே சத்தம்தான் என்கிறாள்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஊர் திரும்பிய பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உறவினர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறார். சிலர் அழுதார்களாம். ஆனால் அம்மாவின் தம்பி, அங்கே கோயிலில் பூசை செய்கிறவர், கோபித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாராம். இத்தனை காலம் புயலிலும் கடலிலும் நம்மைக் காப்பாற்றியது சோற்றுப் பேச்சா, அந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, அது மந்திரம்தான் என்று சொன்னாராம். "அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டிருந்தார்.

உங்கள் மாமா சொல்வதும் சரிதான் என்று எழுதி அனுப்பினேன்.