விளக்கில்லாமல் போன சப்பரம்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாளையங்கோட்டையில், எங்கள் தெருவில், என் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. எனக்கு எழுபத்தெட்டு வயது. கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். இதை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தேன். எழுதினால் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டும். தயக்கத்துக்கு அதுதான் காரணம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாதா கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் திருவிழா. சனிக்கிழமை மாலை, சுரூபம் என்று சொல்லும் மாதா சிலையை வைத்த சப்பரம் எங்கள் தெரு வழியாக வரும். நான்கு சக்கரங்களின் மேல் மாடி வீட்டு உயரத்துக்கு எழுப்பி, மேலிருந்து கீழ்வரை சீரியல் விளக்குகளால் மூடியிருப்பார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். மாலை போடுவார்கள், நேர்ந்துகொண்டவர்கள் உப்பும் மிளகும் எறிவார்கள். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் மைக்கில் ஜெபமாலை.

நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் புராட்டஸ்டண்ட் குடும்பம். சபையில் உபதேசியாராக இருந்த என் தகப்பனார், சுரூபத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு போவதைப் பற்றி வீட்டில் பேசியதெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருடைய பக்தி எனக்கு வரவில்லை. அந்த வெறுப்பை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். சப்பரம் வரும் நேரத்தில் வாசல் விளக்கை அணைத்து ஜன்னல்களைச் சாத்திவிடுவேன். இரண்டு முறை ஒலிபெருக்கிச் சத்தம் என்று காவல் நிலையத்துக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய், மாடிப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. நுரையீரல் இறுகிப்போகும் நோய். முன்னறையில் கட்டில் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். இரவும் பகலும் அது ஓட வேண்டும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வேலைக்கு வரும் பெண் மதியத்தோடு போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் நானும் அவளும் அந்த மெஷினின் இரைச்சலும்தான்.

அவளுக்காக ஜெபிக்க வந்தவர்கள் கொஞ்சமல்ல. எண்ணெய்க் குப்பியோடு வருவார்கள். ஒருவர், அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று கட்டில் அருகில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதன்பிறகு நான் யாரையும் உள்ளே விடுவதில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை பிற்பகல், கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவரைப் பார்த்த ஞாபகம் இருந்தது. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர்.

"சார், நாங்க மாதா கோயில்ல இருந்து வாறோம்."

"நாங்க வேற சபைம்மா. நன்கொடைக்கு வேற வீட்டைப் பாருங்க."

"நன்கொடைக்கு வரல சார். ஒரு விவரம் சொல்லணும். வீட்டுல முடியாதவங்க யாரும் இருக்காவளா?"

அவ்வளவுதான். இதுவும் அந்தக் கதைதான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஜெபமும் வேண்டாம், ஒரு விவரமும் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வெளியே அந்த அம்மா, "சார், சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டது கேட்டது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

சனிக்கிழமை மாலை இருட்டத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. பழைய பேட்டரி. மின்விசிறிக்கும் விளக்குக்கும் தாங்கும், அந்த மெஷினை வெகுநேரம் தாங்காது. கொஞ்ச நேரத்தில் கீச் கீச்சென்று அலறிவிட்டு அடங்கியது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரை முந்தைய வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தீர்த்திருந்தோம். நிரப்பி வைக்கவில்லை. அதுவும் என் அசட்டைதான்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "சப்பரம் வருதுல்லா சார். இந்த வருஷம் ஒசரத்தைக் கூட்டிட்டாவ, ஒங்க தெருவுல குறுக்க போற கம்பியெல்லாம் கழத்தி விட்டிருக்கு. அது தாண்டினாத்தான் மாட்ட முடியும். கோயில்காரங்க வீடு வீடா சொல்லியிருப்பாவளே?" என்றார்.

அப்போதுதான் அந்த 'விவரம்' என்னவென்று எனக்குப் புரிந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கூட்டத்தில் தெருமுனை வரைக்கும்கூட வருவது சிரமம் என்றார்கள். விரலில் மாட்டும் கருவியில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் உதடு நிறம் மாறத் தொடங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல், கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். யாரையாவது கூப்பிடு என்று பொருள்.

பனியனோடும் வேட்டியோடும் தெருவுக்கு ஓடினேன். தெருமுனையில் சப்பரம் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை விளக்குகளோடு அது என் கண்ணுக்கு அரக்கன்போலத் தெரிந்தது. விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒருவரின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"யாரைக் கேட்டுக் கரண்டை நிறுத்துனீங்க? உள்ளே என் மனைவி மூச்சுக்குத் தவிக்கிறா. ஆக்சிஜன் மெஷின் நின்னு போச்சு. ஒரு வார்த்தை முன்னாடி சொன்னீங்களா?"

"எல்லா வீட்டுலயும் சொன்னோமே சார்!"

"என் வீட்டுக்கு ஒருத்தரும் வரல!"

இதுதான் அந்தப் பொய். சொல்லி முடித்தபோது பார்த்தேன். அவருக்குப் பின்னால் மெழுகுவர்த்திக் கூடையோடு தையல் கடை அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். இனி அவர் வாயைத் திறப்பார், நான் அத்தனை பேர் முன்னால் நிற்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

அவர் வாயைத் திறந்தார். "ஆமா, சார் வீட்டை விட்டுட்டோம். நான்தான் விட்டுட்டேன். இப்ப ஆகவேண்டியதைப் பாருங்க" என்றார்.

"என்னக்கா நீங்க! தலைபாடா அடிச்சுக்கிட்டேன்லா, ஒரு வீட்டையும் விடாதீங்கன்னு?" என்று விசில்காரர் எரிந்து விழுந்தார். கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டை நோக்கி நடந்தார். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

பிறகு நடந்ததெல்லாம் வெகுவேகம். மாதா கோயிலின் பங்குச் சாமியார் வந்தார்; என் பழைய மாணவர்களைவிட இளையவர். சப்பரத்துக்கும் மைக்குக்கும் மின்சாரம் தருவது பின்னால் ஒரு லோடு ஆட்டோவில் வரும் ஜெனரேட்டர். அதன் சொந்தக்காரர் நல்ல பருமனான ஆள். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"சாமி, குடுத்துரலாம். ஆனா சீரியல் லைட்டையும் மைக்கையும் வச்சுக்கிட்டுக் குடுத்தா கரண்டு ஏறி ஏறி எறங்கும். மெஷின் போயிரும். எல்லாத்தையும் கழத்திட்டு வண்டியை வீட்டுக்கிட்ட கொண்டு போகணும். சப்பரம் இருட்டாயிரும்."

"ஆகட்டும்."

"மாதா கோவிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல, பாத்துக்கிடுங்க."

"கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன். நீங்க கழத்துங்க" என்றார் சாமியார்.

சப்பரத்தின் விளக்குகள் அத்தனையும் ஒரே நொடியில் அணைந்தன. அடுத்த தெரு வழியாகச் சுற்றி எங்கள் வீட்டுப் பின்சந்துக்கு வண்டியைக் கொண்டுவந்தார்கள். தையல் கடை அம்மா சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை வாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். மெஷின் ஒருமுறை உறுமி ஓடத் தொடங்கியது. என் மனைவியின் மார்பு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எண் இறங்குவது நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

வாசலில் சாமியார் பேசுவது கேட்டது. "ஜெனரேட்டரை நம்பி எவ்வளவு நேரம் இருக்க முடியும்? சப்பரம் தெருவைத் தாண்டினாத்தான் லைன் வரும். எங்கயும் நிக்க வேண்டாம். பேண்டு வேண்டாம், வெடி வேண்டாம். பைய, ஆனா நிக்காம இழுங்க."

"எங்க வீட்டு வாசல்லயும் நிக்காதா? எம்புள்ளைக்கு நேந்திருக்கேனே" என்று ஒரு பெண் குரல்.

"ஏட்டி, சும்மா கெட. அங்கன ஒரு உசுரு கெடந்து இழுக்குது. மாலையை நடந்துக்கிட்டே போடு" என்று இன்னொரு குரல்.

கட்டில் அருகே தையல் கடை அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். இப்போது ஜெபிப்பார், இப்போது ஜெபிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஜெபிக்கவில்லை. "அம்மா சாப்டாச்சா?" என்று கேட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் மனைவி அவரை உற்றுப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை கேட்டுல பேசுனது நீதானம்மா?" என்றாள் மெல்ல. படுத்திருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. எல்லாம் கேட்டிருக்கிறது.

"இல்லம்மா, அது வேற யாராவது இருக்கும்" என்றார் அவர், விசிறிக்கொண்டே.

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. "ஜன்னலைத் திறங்க" என்றாள்.

பல ஆண்டுகளாக அந்த மாலையில் நான் சாத்தி வைத்த ஜன்னலை என் கையாலேயே திறந்தேன்.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தெருவில் ஒரு விளக்கு இல்லை. காகிதக் கோப்பைக்குள் மெழுகுவர்த்தி ஏந்திய மனிதர்கள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. ஆகஸ்ட் காற்று அடித்து அடித்து அணைத்தது. அணைந்தவர் பக்கத்தவரிடம் பற்றவைத்துக்கொண்டார். ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருவர் குரல்கூட உயரவில்லை. கைக்குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தியிருந்தார்கள். மைக் இல்லாததால் முன்வரிசை சொல்லும் ஜெபத்தைக் கேட்டுப் பின்வரிசை சொல்லிற்று. அதைக் கேட்டு அதற்குப் பின்வரிசை. ஒரே வேண்டுதல் தெருவின் நீளத்துக்கும் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சக்கரங்கள் மண்ணை அரைக்கும் சத்தம். கரிய உருவமாகச் சப்பரம் வந்தது. சுரூபத்தின் முகம் தெரியவில்லை. கீழிருந்து எழும்பிய மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதன் கைகள் மட்டும் தெரிந்தன. பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் வாசலைக் கடக்கும்போது வடம் பிடித்தவர்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காதபடி காலை ஊன்றி ஊன்றி வைத்தார்கள்.

என் தகப்பனார் பக்கத்தில் நின்றிருந்தாலும் அன்றைக்கு அவர் வாய் திறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"எனக்காகவா?" என்றாள் என் மனைவி. கண் நிறைந்திருந்தது.

தெருமுனையைச் சப்பரம் தாண்டிய சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். "நாளைக்கு மத்தியானம் கோயில்ல அசனம். சார் வாங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவும் கிளம்பினார். திருவிழா முடிவில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்தை இங்கே எல்லாச் சபையாரும் அசனம் என்றுதான் சொல்வோம். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிரவு என் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "அசனத்துக்குப் போயிட்டு வாங்க. போய்ச் சும்மா சாப்பிட்டுட்டு வந்துராதீங்க."

மறுநாள் வேலைக்கு வரும் பெண்ணை அவளருகில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். கோயில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாக இலை போட்டிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டு, "அம்மா எப்படி இருக்காவ சார்?" என்று கேட்டவர்கள் பலர். விசில்காரர் ரச வாளியோடு வந்தார். அந்த அம்மா சோற்றுச் சட்டியோடு அவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார்.

நான் இலையை விட்டு எழுந்து நின்றேன். கல்லூரியில் எத்தனையோ ஆண்டுகள் நின்று பேசியவன், அன்று இலையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "நேத்து நான் சொன்னது பொய். இந்த அம்மா வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்தாங்க. நான்தான் கேக்காம கதவைச் சாத்தினேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். பக்கத்து இலைக்காரர்கள் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

விசில்காரர் முகம் சிவந்துபோயிற்று. "ஏன்க்கா சொல்லல? அத்தன பேச்சு பேசிட்டேனே நான்!"

"எதைச் சொல்லச் சொல்லுத? மூச்சு முட்டிக் கெடக்கையில எவ வந்தா, எவ வரலன்னு தெருவுல பஞ்சாயத்தா வைக்க முடியும்?" என்றார் அந்த அம்மா. "சாருக்கு ரசம் ஊத்து. சோறு ஆறுது."

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணீர் இலையில் விழுந்ததை யாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

என் மனைவி கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள். மெஷினை வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இந்த ஆண்டு சப்பரம் முழு விளக்கோடு வந்து என் வாசலில் நின்றது. நான் இன்னும் மாதாவிடம் வேண்டிக்கொள்ளப் பழகவில்லை. ஆனால் இன்வெர்ட்டரில் வாசல் விளக்கைப் போட்டு, கேட்டைத் திறந்து வைத்து, கடைசி ஆள் கடந்து போகும்வரை நின்றேன். இந்த வயதில் கடவுளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். அதில் பாதி, அந்த இருட்டுத் தெருவில், தங்கள் ஒரு வருட வெளிச்சத்தை என் வீட்டுக்குள் அனுப்பிவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து போனவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.