இரண்டு வெள்ளிக் கால்கள்

நிக்கலசின் காலில் பட்ட காயம் ஜூலையிலேயே ஆறிவிட்டது. ஆகஸ்ட் முடியப்போகிறது, ஆசாமி இன்னும் கைத்தடியை விடவில்லை. கொட்டாஞ்சேனைத் தெருவில் அவன் நொண்டிக்கொண்டு போனால் கடைக்காரர்கள் எழுந்து வழிவிடுவார்கள். படை வைத்தியர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "இனி நீ ஓடவே செய்யலாம்" என்று சிரித்தார். அதைக் கேட்டு நிக்கலசுக்கு முகம் எரிந்தது.

ஓடியதுதான் அவன் செய்த காரியம். அந்த நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டபோது, அவனும் சிநேகிதன் கிளெமென்றும் ஒரே பீரங்கியில் நின்றார்கள். முதல் குண்டு விழுந்ததுமே நிக்கலஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியில் பாய்ந்தான். கிளெமென்ற் பின்னால் ஓடிவந்து அவனைப் பிடித்துப் பதுங்குகுழிக்குள் தள்ளினான். தள்ளியவனுக்குக் குழிக்குள் இறங்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த குண்டின் ஒரு சின்னச் சிதறல் நிக்கலசின் தொடையில் ஏறியது. கிளெமென்றின் இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

இருவரையும் ஒரே லொறியில் ஏற்றியபோது நிக்கலஸ் சிநேகிதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு ஒஸ்வால்டுக்கு அது போதுமாக இருந்தது. காயப்பட்ட கூட்டாளியைத் தோளில் தூக்கிவந்த வீரன் என்று கதையைக் கட்டிக்கொண்டுதான் ஆசுபத்திரிக்கே வந்தார். "அப்பிடித்தானே மகன்?" என்று கேட்டார். நிக்கலஸ் கண்ணை மூடிக்கொண்டான். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, உண்மைதான். திறக்காமலேயே நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளெமென்றை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மன்னாரில் பேசாலை, கடற்கரை ஊர். அங்கிருந்து மூன்று கடிதம் வந்தது. "எப்ப வாறாய்? கதைக்க ஆளில்லாமல் கிடக்கிறன்" என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிக்கலசுக்கு அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவனுடைய குறட்டையைக்கூடக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒருநாள் மருதானை ஸ்டேசன் வரைக்கும் போய்விட்டான். டிக்கெட் கொடுப்பவர் எங்கே என்று கேட்டதும் திரும்பி நடந்தான். எந்த முகத்தோடு போய் அந்தக் கட்டில் ஓரத்தில் இருப்பது? வீட்டுக்கு வந்து, கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டான்.

அம்மா கொன்ஸ்ரன்ஸ் அந்த வலியையும் நம்பினாள். மகன் பிழைத்தால் வெள்ளியில் கால் செய்து கட்டுவதாகக் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணத்தைச் செட்டியார் தெருத் தட்டானிடம் கொடுத்து உருக்கிக் கால் செய்வித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மகனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஒஸ்வால்டைக் கூப்பிடத் தேவையில்லை, அவரே வந்தார். வரிசையில் நின்றவர்களுக்கு வீரக் கதையை ஆதியோடந்தமாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தோனியார் சுரூபத்தின் பக்கத்துக் கம்பியில் அம்மா விரல் நீளமான வெள்ளிக் காலைச் சிவப்பு நூலால் கட்டினாள். பிறகு கைப்பையைத் திறந்து இன்னொரு காலை எடுத்தாள்.

"இது கிளெமென்ற் தம்பிக்கு. அந்தப் பிள்ளைக்கும் காலிலதானே காயம் எண்டு சொன்னனீ. கிண்ணத்தில மிச்சம் இருந்தது, ரெண்டாச் செய்விச்சன். நீ போகேக்க கொண்டு போய்க் குடு மகன். சுகமானதும் அவனே வந்து கட்டட்டும்."

நிக்கலசின் உள்ளங்கையில் அதை வைத்தாள். அழகான கால். தட்டான் ஐந்து விரலையும் நகத்தோடு செய்திருந்தான். நிக்கலசுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

"அவனுக்குக் கால் இல்லையம்மா."

"என்ன கதைக்கிறாய்?"

"இடது கால். முழங்காலுக்கு மேல எடுத்துப்போட்டாங்கள்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா, எப்பிடிப் போனதெண்டு கேப்பீங்கள்." அதோடு நிறுத்தவில்லை. "நான் ஓடினனான் அம்மா. பீரங்கியை விட்டுட்டு ஓடினனான். அவன் என்னைப் பிடிச்சுக் குழிக்குள்ள தள்ள வந்தவன். நான் ஒருத்தரையும் தூக்கேல்லை."

வரிசையில் இருந்தவர்கள் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தினார்கள். ஒஸ்வால்ட் தொண்டையைக் கனைத்தார். கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், பாவம், கதை போய்விட்டது.

அம்மா மகனைப் பார்க்கவில்லை. "ஞாயிறு ஞாயிறா என்ர வீட்டில வந்து சாப்பிட்ட பிள்ளை" என்று மட்டும் சொன்னாள். கம்பிக்குப் போய், கட்டிய காலை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து நூலை அறுத்தாள். நேர்ச்சைப் பொருளைத் திரும்ப எடுக்கும் ஒருத்தியை அந்தக் கோயில் அன்றுதான் கண்டிருக்கும்.

"அந்தோனியார் கோவிக்க மாட்டார்" என்றாள். அந்தக் காலையும் மற்றதோடு அவன் கையில் வைத்தாள். "ரெண்டையும் கொண்டு போய் அவனிட்டக் குடு. நீ நடக்கிற கால் அவன் தந்தது. அவன் கட்டு எண்டு சொன்னா வந்து கட்டு. சொல்லாட்டி, அங்கயே விட்டுட்டு வா."

அவள் முன்னால் நடந்தாள். வழக்கம்போலத் தோளைக் கொடுக்கவில்லை. நிக்கலஸ் கைத்தடியைக் கோயில் வாசலில் சாத்திவிட்டு, நேராக நடந்து மருதானைக்குப் போனான். எங்கே என்று டிக்கெட் கொடுப்பவர் கேட்டார்.

"பேசாலை" என்றான்.