கொடியைத் தாண்டிப் போன படகு

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் அந்த முறை கோவில் திருவிழாவுக்கு எஞ்சின் படகுப் பந்தயம் வைத்தார்கள். கடலுக்குள் மிதக்கவிட்ட கொடியைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். முதல் பரிசு ஒரு புது எஞ்சின்.

என்னிடம் நல்ல எஞ்சின் இருந்தது. எனக்கு வேகம்தான் வேண்டியிருந்தது. இந்தியாப் பக்கம் போகும் விமானத்தைக் கண்டால், வலையில் மீன் கழற்றுவதையும் மறந்து அது புள்ளியாகி மறையும்வரை அண்ணாந்து பார்ப்பேன். "இவர் பிளேன் ஓட்டப் பிறந்தவர். வழி தவறிக் கடலுக்கு வந்திட்டார்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் படகை முழு வேகத்தில் விட்டால் முன்பக்கம் மெல்லத் தண்ணீரை விட்டு எழும். அந்த நேரம் எனக்குப் போதும்.

பந்தயத்தன்று காலை படகின் பாரத்தை எல்லாம் இறக்கினேன். நங்கூரம், ஐஸ் பெட்டி, பலகைகள், கடைசியில் துடுப்புகளும் மணலுக்கு வந்தன. எண்ணெயும் கொடிக்குப் போய்வர அளவாகத்தான். போனைக்கூட மனைவியிடம் கொடுத்துவிட்டேன். மாதா படத்தை மட்டும் கழற்ற அவள் விடவில்லை. பக்கத்துப் படகில் விடத்தல்தீவிலிருந்து வந்த ஒருவன் நின்றான். முன்பின் தெரியாதவன், என்னைவிட இரண்டொரு வயது இளையவனாக இருப்பான். அவனுடையது இரவல் எஞ்சின். பரிசு கிடைத்தால்தான் சொந்தமாகத் தொழில் என்று பேசிக்கொண்டார்கள். அவன் படகில் துடுப்பு, நங்கூரம் எல்லாம் அப்படியே இருந்தன. பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

புறப்பட்டவுடன் நான்தான் முன்னுக்கு. வாடைக்காற்று முதுகில் தள்ளியது. படகு அலையைத் தொட்டும் தொடாமலும் போனது. எஞ்சின் சத்தமே காதில் விழவில்லை. வானமும் கடலும் ஒரே வெளிச்சமாக இருந்தன. கொடி வந்தது. திரும்ப வேண்டும் என்று தெரிந்தது. கை திருப்பவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோசத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

எண்ணெய் முடிந்து எஞ்சின் நின்றபோதுதான் நினைவு வந்தது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. காற்று என்னை இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இழுக்கத் துடுப்பில்லை, போட நங்கூரமில்லை. கரையில் நின்றவர்கள் நான் விளையாட்டுக் காட்டுவதாக நினைத்தார்களாம். நானோ மாதா படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு படகு என்னை நோக்கி வந்தது. அந்த விடத்தல்தீவுக்காரன். எனக்கு அடுத்ததாக வந்துகொண்டிருந்தவன் அவன்தான். நான் விலகிய பிறகு கொடியைச் சுற்றித் திரும்பியிருந்தால் பரிசு அவனுக்கே.

"கயிறைப் பிடியுங்கோ அண்ணை" என்றான்.

கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்டேன். "பந்தயத்தை விட்டிட்டு ஏன் வந்தனீங்கள்?"

"உங்கட துடுப்பு கரையில கிடந்ததைக் கண்டனான். தெரிஞ்சுகொண்டு எப்பிடித் திரும்பிப் போறது?"

இரண்டு படகும் மெதுவாகக் கரைக்கு வந்தன. பரிசை வேறொருவன் வாங்கியிருப்பான் என்பது இருவருக்கும் தெரியும். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாதி வழியில் அவனே எஞ்சினைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, கொடிக்கு அங்கால போகேக்க எப்பிடி இருந்தது? சொல்லுங்கோ."

கேலியாகக் கேட்கவில்லை. அவன் கண்ணில் என் ஆசையே இருந்தது. கரை வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் இரவல் எஞ்சினில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டே வந்தான்.

இப்போதும் விமானம் போனால் அண்ணாந்து பார்க்கிறேன். ஆனால் அன்று கொடியைத் தாண்டிப் பறந்த என்னைவிட, பறக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பரிசையும் விட்டுவிட்டு என் பின்னால் வந்த அவன்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறான்.