கோட்டை வாசலுக்கு மூன்று வழி

இங்கே என் ஆட்டக்காரர்கள் காட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்கிறார்கள். நிஜக் காடு இல்லை. மலாய் நாட்டில், தங்கா பத்து என்கிற ஊரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சொல்லும் கதையில் வருகிற காடு. "முன்னால அடர்ந்த காடு, உள்ளே ஏதோ உறுமுது, என்ன செய்யப் போறீங்க?" என்று கோயம்புத்தூரில் கேட்டிருந்தால் என் நண்பர்கள் வாளை உருவியிருப்பார்கள். இங்கே சேகர் அண்ணன் கையைக் கூப்பி, கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ, "தாத்தா, பாட்டி, பிள்ளைங்க இந்தப் பக்கமா போறோம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர் அவர். அங்கே ஓரமாக ஒதுங்குவதற்குக்கூட இப்படிக் கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குவார்களாம். அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஆட்டத்தை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கி நான் ஓய்ந்துபோயிருக்கிறேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார், மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேடம் ஏற்று என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். முடிவு பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு டைஸ் சொல்லும். அப்படி ஆடுவதற்கான சாகசக் கதைகளையும் வரைபடங்களையும் அட்டவணைகளையும் எழுதி இணையத்தில் வெளியிடுவதுதான் என் வேலை. "ஐ.டி.யில இருந்த பொண்ணு இப்ப வீட்ல உக்காந்து பூதத்துக்குப் பேர் வைக்குது" என்று என் அப்பா உறவினர்களிடம் சொல்லிக்கொள்கிறார். உண்மைதான். நன்றாகவே வைக்கிறேன்.

எழுதியதை வெளியிடும் முன் ஆட்களை வைத்து ஆடிப் பார்க்க வேண்டும். கோவையில் அலுவலக நண்பர்கள் இருந்தார்கள். ஒரு காவலன் வழிமறித்தால் அவர்கள் முதலில் கேட்பது, "உள்ளே நமக்குத் தெரிஞ்சவங்க யாரு?" என்பதாக இருக்கும். இங்கே எனக்கு மூன்று பேர். என் கணவரின் அக்கா பரமேஸ்வரி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் கணவர்தான் சேகர் அண்ணன், உம்பாயிலிருந்து மீன் லோரி ஓட்டுகிறார். மூன்றாவது ஆள் ஷாலினி, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். இவர்கள் முன்னால் காவலன் வந்து நின்றால் அண்ணி கேட்பது, "அந்த ஜாகாக்காரன் பசியாறிட்டானா?" இந்த ஊரில் காலை உணவுக்குப் பெயரே பசியாறுவது. இவர்கள் நல்லவர்கள். இனிமேல் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் இவர்களைத் திட்டிவிடக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கதையில் ஒரு வாசலை அடைத்தால் அதைத் திறக்க மூன்று வழியாவது எழுதி வைக்க வேண்டும். ஒரே ஒரு வழி வைத்து, அது ஆடுபவர்களுக்குத் தோன்றாமல் போனால் கதை அங்கேயே செத்துவிடும். கோவையில் முதல் கதையை எழுதியபோது இது தெரியாமல் ஒரே வழிதான் வைத்தேன், ஆறு பேர் ஒரு கதவின் முன் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு விதி, எல்லார் கண்முன்னாலும் விழுந்த டைஸை மாற்றிச் சொல்லக் கூடாது. அதற்கு அப்புறம் உங்கள் கதையை எவரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது என் வாசலுக்கு வருகிறேன். நான் இந்த நாட்டில் இருப்பது மனைவிக்குரிய பாஸில், அதாவது தங்கும் அனுமதியில். அதைப் புதுப்பிக்கக் கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர் இந்த ஊர்க்காரர், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன மாதம் போனில், "நான் இனிமே வரல மலர். நீ உங்க ஊருக்குப் போயிடு" என்றார். மழை வருகிறது, துணியை எடு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை. எங்கள் மகள் இனியாவுக்கு ஆறு வயது. இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். அவளுடைய பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது.

குடிநுழைவு அலுவலகத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், கணவர் வர மாட்டார் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் அன்பாகச் சிரித்து, லீவு கிடைக்கவில்லையா, பரவாயில்லை, வந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் மறுபடியும், வரவே மாட்டார் என்றேன். சிங்கப்பூர் பக்கம்தானே, ஒருநாளில் வந்து போகலாமே என்று எனக்கே தைரியம் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பாஸ் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தம்பி வருவதற்கு நேரமில்லாமல் வேலை செய்கிறான் என்றுதான் அவர் நம்புகிறார். அவருக்குக் குழந்தை இல்லை. இனியாவை உயிராக வைத்திருக்கிறார். அந்த அன்பைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறு போக்கிடம் இல்லாத நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அதைக் கதையாக எழுதினேன். கடல் கடந்து வந்து ஒரு கோட்டைக்குள் வாழும் விளக்கு செய்கிறவள். அவளை அழைத்துவந்த வணிகன் வந்து பொறுப்பேற்காவிட்டால் விடிந்ததும் அவள் கப்பலேற வேண்டும். வணிகனைக் காணவில்லை. அவள் குழந்தை கோட்டைக்குள் பிறந்ததால் கோட்டையின் பிள்ளை. ஆடுபவர்கள் அவளுடைய அக்கம்பக்கத்தார். இரண்டு வழி எழுதிவிட்டேன். மூன்றாவதற்கு எத்தனை நாள் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்கார வைத்தேன். சோதனை ஆட்டம் என்றேன். அவர்கள் புத்தியிலிருந்து எனக்கு ஒரு வழியைத் திருடிக்கொள்ளத்தான் உட்கார வைத்தேன்.

ஷாலினி வணிகனைத் தேடித் துறைமுகத்துக்குப் போனாள். டைஸில் மூன்று விழுந்தது, கப்பல் போய்விட்டது. சேகர் அண்ணன் காவலனுக்கு மீன் குழம்பும் சோறும் கொண்டுபோனார். அவன் நன்றாகச் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடித்ததும் அவனாக நானே, கவுண்டர் பெண்ணின் குரலில், "அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க" என்றேன். எழுதிய இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன.

அண்ணி தேநீரை ஆற்றியபடி யோசித்தார். "பிள்ளைய யாரும் வெளிய போகச் சொல்லலதானே?"

"இல்ல."

"அப்புறம் என்னா? பிள்ளைய நம்மகிட்ட விட்டுட்டு அந்தப் பொம்பள கப்பல் ஏறட்டும் லா. நம்ம வளப்போம். ராணி மாதிரி வளப்போம்."

"செம்ம ஐடியா ஆன்ட்டி" என்றாள் ஷாலினி.

"அவ ஒத்துக்க மாட்டா அண்ணி" என்றேன்.

"பேசி ஒத்துக்க வைக்கிறேன். பிள்ளை நல்லா இருக்கணும்னா எந்த அம்மா வேணாங்குவா? எவ்ளோ விழணும்?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கதை சொல்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது நியாயமான வழி, நான் எழுதாமல் விட்ட மூன்றாவது வழி. பதினெட்டு என்றேன். இருபது முகத்தில் பதினெட்டோ அதற்கு மேலோ விழுவது அபூர்வம்.

அண்ணி டைஸை எடுத்து, தரையில் படம் வரைந்துகொண்டிருந்த இனியாவைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வாம்மா. உன் கைதான் ராசியான கை, நீ போடு."

இனியா இரண்டு கையிலும் பொத்திக் குலுக்கினாள். டைஸ் மேசையில் உருண்டு, பிஸ்கட் தட்டில் முட்டி நின்றது. இருபது. சேகர் அண்ணன் மேசையைத் தட்டினார், ஷாலினி கை தட்டினாள். அண்ணி என் மகளைத் தூக்கி மடியில் வைத்து உச்சியில் முத்தமிட்டார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயித்தால் என்ன நடந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

காவலன் வாசலைத் திறந்தான் என்றேன். குழந்தை உள்ளே அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றேன். விளக்குக்காரி ஒரு காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள் என்று சொல்லி, அதற்கு மேல் முடியாமல் நிறுத்தினேன்.

"இன்னொரு கால்?" என்று கேட்டாள் இனியா, தன் அத்தையின் மடியில் இருந்தபடி.