ஊரின் பெயர் ஏன் கடைசியில்?

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டது என் பிழைதான். கனடாக் கிளை, தளத்தின் முகவரிக்குள்ளேயே தனக்கென்று ஓர் உள்முகவரி, சப்டொமைன், கேட்டது. அதற்குள்ளே தனக்கும் ஒன்று வேண்டும் என்றது அதன் விளையாட்டுக் குழு. திறந்து கொடுத்தேன். முகவரியில் விளையாட்டு, கனடா, ஊர் என்று பெயர்கள் வரிசையாக நின்றன.

சங்கத் தலைவர் தொலைபேசியில் பாய்ந்தார். "தம்பி, ஊரின்ரை பேரை ஏன் கடைசியிலை போட்டனீர்?"

"அண்ணை, உது அப்பிடித்தான் வரும். மாத்தேலாது."

"நோட்டீசிலை ஊர்ப்பேர்தானே முதல் வாறது?"

விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கனடாக் கிளை இரண்டாக உடைந்தது. புதிய பிரிவுக்கும் அதன் விளையாட்டுக் குழுவுக்கும் வேறு திறந்தேன்.

இப்போது ஐந்து முகவரிகள். எதைத் திறந்தாலும் வெறும் வெள்ளைத் திரை. உள்ளே போட ஒரு பந்தியாவது எழுதித் தாருங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்கிறேன். ஒருவருக்கும் நேரமில்லை.